பதினோரு மணி டெலிவரி

காலை எட்டேகால் மணிக்கு இளவரசி அந்தப் புது வண்டியின் கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு பார்வைதான் பார்த்தாள். "ஐயையோ, யார் வேல இது?" என்று அவள் போட்ட சத்தத்தில், பின்பக்க ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த வாட்ச்மேன் பாதியிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தார்.

விழுப்புரம் பைபாஸ் ஓரத்தில் இருக்கிற கார் ஷோரூம் அது. இளவரசிக்கு அங்கே நாலு வருஷமாக ஒரே வேலை. விற்றுப்போன வண்டியை, வாங்கினவர் கைக்குப் போவதற்கு முன்னால் உள்ளும் புறமும் துடைத்து, லைட் எரிகிறதா, ஹாரன் அடிக்கிறதா, கதவு சரியாகச் சாத்துகிறதா என்று பார்த்து, ரிப்பன் கட்டி நிறுத்த வேண்டும். இந்த வண்டியையும் நேற்றுச் சாயங்காலம் அப்படித்தான் நிறுத்திவிட்டு, ஆறு மணி பஸ்ஸைப் பிடித்துத் திண்டிவனத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அப்போது எல்லாம் சரியாக இருந்தது.

இப்போது கிழக்கு வெயில் முன்கண்ணாடி வழியாக நேராக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில், கியரைச் சுற்றி ஆரம்பித்து மேலே தொடுதிரை வரைக்கும் போகிற பட்டை, நல்ல கறுப்பு, முகம் பார்க்கலாம் அப்படி ஒரு பளபளப்பு. ஷோரூம்காரர்கள் அதைப் பியானோ பிளாக் என்பார்கள். அந்தப் பட்டை முழுக்க மெல்லிய கீறல்கள். வெயில் பட்ட இடத்தில் வட்டம் வட்டமாக, சிலந்தி பின்னி வைத்த மாதிரி மின்னின.

"என்னாச்சு இளவரசி?" என்று செல்வகுமார் வந்தான். சேல்ஸ் ஆள். இந்த வண்டியை விற்றவனே அவன்தான். கையில் மஞ்சள் துணி.

அவள் துணியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"இத எங்கேருந்து எடுத்த?"

"கீழ கெடந்துச்சு. காலைல லாரி ஒண்ணு புழுதியக் கௌப்பிக்கினு போச்சு. வண்டிக் கதவ நான் தொறந்து வச்சிருந்ததால உள்ள தூசி. சரி, பளபளன்னு இருக்கட்டும்னு நல்லா அழுத்தி நாலு இழுப்பு இழுத்தேன்."

இளவரசி துணியை வாங்கி உதறினாள். டைல்ஸ் தரையில் மணல் சரசரவென்று உதிர்ந்தது.

செல்வகுமார் வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். "போச்சு. பதினோரு மணிக்கு டெலிவரி. செத்தேன் நான்."

மேனேஜர் ஜெகதீசன் வந்து பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் மாசக் கடைசி, இன்னும் இரண்டு வண்டி போனால்தான் அவருக்குத் தூக்கம் வரும். குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், ஒரு நிமிஷம் யோசித்தார்.

"வெல்கம் கிஃப்ட் பாக்ஸ் இருக்குல்ல, அத நேரா இது மேல வை. சுத்தி ரோஜாப்பூ கொஞ்சம் தூவி விடு. அவுங்க பாக்ஸத் தூக்கறப்ப வீட்டுக்குப் போயிருப்பாங்க. ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா, நம்ம சாவி பட்டுக் கீறிடுச்சுன்னு நெனச்சுப்பாங்க."

"சார், வாங்குறவரு டிரைவரு," என்றாள் இளவரசி.

"அதனால?"

"முப்பத்தோரு வருசம் வண்டி ஓட்டுனவரு சார். ஃபைல்ல இருக்குது. திண்டிவனத்துல ஒரு ரைஸ்மில் மொதலாளிகிட்ட. பூவத் தூவினா பூவுக்குக் கீழ என்னா இருக்குதுன்னுதான் மொதல்ல பாப்பாரு."

"அப்ப தேதிய மாத்திக்கலாம்னு சொல்லிடவா?"

செல்வகுமார் குறுக்கே வந்தான். "முடியாது சார். சர்ச்சுல வண்டிய மந்திரிக்கிறதுக்குப் பன்னெண்டரை மணின்னு சாமியார் சொல்லியிருக்காராம். அதோட அவரு மெட்ராஸுக்குக் கௌம்பிடறாராம். சொந்தக்காரங்கள எல்லாம் கூட்டி வச்சிருக்காங்க. அந்த டிரைவரு நேத்து மட்டும் ஆறு தடவ போன் பண்ணிட்டாரு."

இளவரசி வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, ஆள்காட்டி விரல் நகத்தைக் கீறல்களுக்குக் குறுக்கே மெதுவாக இழுத்துப் பார்த்தாள். நகம் எங்கேயும் தட்டவில்லை. வழுக்கிக்கொண்டே போனது. அப்படியென்றால் கீறல் ஆழமில்லை, எடுத்துவிடலாம்.

"சார், நான் எடுத்துடறேன். பத்தரைக்குள்ள."

"நீயா?" என்றார் ஜெகதீசன். "அது பெயிண்ட் இல்லம்மா, பிளாஸ்டிக்கு. தேய்ச்சு இன்னும் பாழாக்கினா?"

"ஆக்க மாட்டேன் சார்."

அவள் அவ்வளவு திடமாகச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் விபத்தில் நசுங்கின வண்டி ஒன்றின் நடுப்பட்டை பின்னால் கழிவுக் குவியலில் கிடந்தது. இதே கறுப்பு, இதே மினுக்கு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு இளவரசி தானாகவே பரிசோதனை செய்ய ஆரம்பித்தாள். போன் வீடியோவில் யாரோ சொன்னார்கள் என்று முதலில் பற்பசை போட்டுத் தேய்த்தாள். கண்ணில் புரை விழுந்த மாதிரி மங்கிப் போனது. அடுத்து, வெளிப்பக்கப் பெயிண்டுக்குப் போடுகிற, காம்பவுண்டு என்கிற முரட்டுப் பசை. பழைய கீறல் போய்ப் புதுக் கீறல் வந்தது. கடைசியில் மாவு மாதிரி நைசான பாலிஷ் ஒன்றையும், குழந்தைக்குப் பவுடர் போடுகிற பஞ்சு மாதிரி மெத்தென்ற ஒரு ஸ்பாஞ்சையும் கண்டுபிடித்தாள். அதற்கப்புறம் வேண்டுமென்றே மணலைத் தூவிக் கீறிவிட்டு எடுப்பாள், மறுபடியும் கீறிவிட்டு எடுப்பாள். இருபது தடவையாவது இருக்கும். யாரும் கேட்கவில்லை, அவளும் யாரிடமும் சொல்லவில்லை.

ஜெகதீசன் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தரை. அதுக்கு மேல ஒரு நிமிசம் ஆனாலும் பாக்ஸ வச்சு மூடிடுவேன்."

அப்போதுதான் அவளுக்கு நினைப்பு வந்தது. அந்த நைஸ் பாலிஷ் போன மாசமே தீர்ந்துவிட்டது. பின்பக்கம் ஒர்க்ஷாப்பில் இருப்பது முரட்டுக் காம்பவுண்டுதான்.

"செல்வா, பைக்க எடு!"

நேருஜி ரோட்டில் கார் அலங்காரச் சாமான் கடை வைத்திருக்கும் கவிதா, கடைக்கு மேலேயே குடியிருந்தாள். கடை திறப்பது பத்து மணிக்கு. இளவரசி பைக்கின் பின்னால் உட்கார்ந்துகொண்டே போன் போட்டாள். ஸ்கூல் வேன்கள் நெரிகிற நேரம். ஒரு வேனுக்கும் ஒரு கரும்பு டிராக்டருக்கும் நடுவில் இருந்த சந்தில் செல்வகுமார் புகுந்து போன வேகத்தில் அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"மெதுவாப் போடா! நான் முழுசாப் போய்ச் சேந்தாதான் கீறல் போவும்!"

"நீதான ஜல்தியாப் போன்ன!"

கவிதா தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலில் துண்டு சுற்றினபடியே இறங்கி வந்து ஷட்டரைத் திறந்தாள். அலமாரியில் நைஸ் பாலிஷ் ஒரே ஒரு பாட்டில்தான் இருந்தது. இளவரசி அதை எடுத்தாள். கூடவே புத்தம் புதிய மைக்ரோஃபைபர் துணி அரை டஜன், கவரைப் பிரிக்காமல்.

"யாருக்குடி இவ்ளோ அவசரம்?" என்று கேட்டாள் கவிதா.

"ஒரு டிரைவருக்குக்கா. மொதல் வண்டி," என்று சொல்லிக்கொண்டே இளவரசி பைக்கில் தாவி ஏறினாள்.

ஒன்பது இருபதுக்குத் திரும்பிவிட்டார்கள். வாட்ச்மேனும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து வண்டியை வெயில் படாத பின்பக்கக் கொட்டகைக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். பட்டை சூடாக இருந்தால் பாலிஷ் தடவின உடனே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். இளவரசி ஏசியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். அந்த ஐந்து நிமிஷம் அவளுக்கு ஐம்பது நிமிஷமாகப் போனது. அந்த நேரத்தில் மோதிரத்தைக் கழற்றினாள், வளையலைக் கழற்றினாள், அடையாள அட்டையையும் கழற்றித் தூரப் போட்டாள். பட்டையைச் சுற்றி ஓரம் முழுக்கக் காகித டேப்பை ஒட்டினாள். பொத்தான்களின் இடுக்கில் பாலிஷ் போய்விட்டால் வெள்ளை வெள்ளையாக நிற்கும், அப்புறம் அதை எடுப்பதே தனி பேஜாராகிவிடும்.

மெல்லிய பிரஷால் தூசியைத் தட்டினாள். ஈரத் துணியால் அழுத்தாமல் ஒற்றி எடுத்தாள். ஒரு துளி மணல் மிச்சம் இருந்தாலும் செல்வகுமார் செய்ததையே அவளும் செய்தவளாவாள். பிறகு டார்ச்சை அடித்துப் பார்த்தாள். கீறல்கள் எல்லாம் எழுந்து நின்றன.

முதலில் கியருக்குப் பின்னால், கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத மூலையில், தபால் தலை அளவு இடம். ஸ்பாஞ்சில் பட்டாணி அளவு பாலிஷ். அழுத்தாமல், நேர்க்கோட்டில் முன்னும் பின்னும், பிறகு குறுக்காக. எண்ணிக்கொண்டே தேய்த்தாள். இருபது. நிறுத்தினாள். புதுத் துணியை எடுத்துத் துடைத்தாள். டார்ச்சை அடித்தாள்.

அந்தத் தபால் தலை மட்டும் கறுப்பாக, ஆழமாக, தண்ணீர் நிற்கிற கிணறு மாதிரி இருந்தது. அதில் டார்ச் வெளிச்சம் ஒற்றைப் புள்ளியாகத் தெரிந்தது. சுற்றிலும் வலை, நடுவில் ஒன்றுமில்லை.

"போச்சு! செல்வா, போயிடுச்சு!"

"என்னா போச்சு?" என்று அலறிக்கொண்டு ஓடி வந்தான் அவன்.

"கீறல்டா!"

அவன் குனிந்து பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "நல்ல வார்த்தையா சொல்லக் கூடாதா? உசுரே போயிடுச்சு எனக்கு."

அதற்கப்புறம் அவள் வாயைத் திறக்கவில்லை. உள்ளங்கை அளவு இடம், துடைப்பு, டார்ச். அடுத்த உள்ளங்கை. ஒரு துணியின் ஒரு பக்கம் அழுக்கானால் மடித்து அடுத்த பக்கம். நெற்றியிலிருந்து வேர்வை வழிந்தது, ஆனால் சிரிப்பும் வந்துகொண்டேயிருந்தது. பட்டையில் பாதி தாண்டிவிட்டாள்.

அப்போது முன்பக்கம் ஒரு வேன் வந்து நிற்கிற சத்தம். கதவுகள் திறந்து பெண்களும் ஆண்களும் பேசிச் சிரித்துக்கொண்டு இறங்குகிற சத்தம். செல்வகுமார் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

"வந்துட்டாங்க."

"மணி என்னா?"

"ஒம்போது அம்பது. வீட்ல உக்கார முடியலன்னு ஒரு மணி நேரம் முன்னாடியே கௌம்பி வந்துட்டாங்களாம். பதினோரு பேரு!"

ஜெகதீசன் அவர்களை முன்னால் சோபாவில் உட்கார வைத்துக் காப்பி கொடுக்கச் சொன்னார். அவர்கள் தாங்களே அவித்த வேர்க்கடலை, அவர்கள் சொல்கிற மல்லாட்டை, ஒரு தூக்கு நிறையக் கொண்டு வந்திருந்தார்கள். ஷோரூம் ஆட்களுக்கெல்லாம் கை நிறைய எடுத்துக் கொடுத்தார்கள். எல்லாரும் உட்கார்ந்தார்கள், ஒருவரைத் தவிர. வண்டி வாங்க வந்த சவுரிராயனுக்கு ஐம்பத்தெட்டு வயது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. முப்பத்தோரு வருஷமாக எந்தக் கல்யாணத்துக்கு, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் உள்ளே போய் உட்காராமல் வண்டியோடு நின்றே பழகினவர். அவருக்கு சோபா ஒட்டவில்லை. காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வண்டி எங்கே நிற்கும் என்று தானாகவே தேடிக்கொண்டு பின்பக்கம் வந்துவிட்டார்.

இளவரசி நிமிர்ந்தபோது அவர் கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். டேப்பைப் பார்த்தார். அவள் கையிலிருந்த ஸ்பாஞ்சைப் பார்த்தார். சீட்டில் கிடந்த அழுக்குத் துணிகளைப் பார்த்தார்.

"என்னாம்மா பண்ற என் வண்டில?"

என் வண்டி என்று அவர் சொன்னபோது குரல் லேசாகத் தடுமாறியது. அந்த வார்த்தைகளை அவர் இன்னும் அதிகமாகச் சொல்லிப் பழகவில்லை என்பது இளவரசிக்குப் புரிந்தது. அவர் பின்னால் ஜெகதீசன் சிரித்த முகத்தோடு வேகமாக வந்துகொண்டிருந்தார். அவர் கை அவளுக்கு ஜாடை காட்டியது. ஒன்றுமில்லை, சும்மா துடைக்கிறேன் என்று சொல்லு.

"கீறல் விழுந்துடுச்சுங்க," என்றாள் இளவரசி. "காலைல தொடைக்கறப்ப மணல் துணியால தொடைச்சுட்டாங்க. லேசான கீறல்தான். எடுத்துக்கினு இருக்கேன். பாதி எடுத்துட்டேன்."

ஜெகதீசனின் சிரிப்பு அப்படியே நின்றது. செல்வகுமார் தூணுக்குப் பின்னால் போனான்.

சவுரிராயனின் மகள் கலையரசியும் வந்து சேர்ந்துவிட்டாள். விக்கிரவாண்டியில் வேளாண்மை ஆபீசில் வேலை பார்ப்பவள். அவள் சம்பளத்தில் வாங்குகிற வண்டி, அப்பா பெயரில். அவளுக்குக் கோபம் சுள்ளென்று ஏறியது. "என்னா சார் இது? புது வண்டின்னு சொல்லிக் கீறல் வண்டியத் தர்றீங்களா? வேற வண்டி குடுங்க. இல்லன்னா நாங்க கௌம்பறோம்."

"மேடம், இந்தக் கலர்ல வேற வண்டி வர இருபது நாள் ஆவும்..."

"இரும்மா," என்றார் சவுரிராயன். சுற்றிக்கொண்டு போய் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். "டார்ச்சக் குடு."

இளவரசி கொடுத்தாள். அவர் பட்டையின் மேல் பாதியில் அடித்தார், கீழ்ப் பாதியில் அடித்தார். திரும்பவும் மேலே. முகத்தைக் கிட்டே கொண்டுபோனார்.

"இதுலயும் அதே மாதிரி இருந்துச்சா?" என்று சுத்தமான பாதியைக் காட்டிக் கேட்டார்.

"அத விட மோசங்க."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "ஒண்ணும் சொல்லாம மூடி மறைச்சுக் குடுத்திருக்கலாமே. ஏன் சொன்ன?"

"நீங்க பத்து நிமிசத்துல கண்டுபுடிச்சுடுவீங்கங்க."

"கண்டுபுடிக்கலன்னா?"

இளவரசி யோசித்தாள். "அப்பறம் நான் டெய்லி திண்டிவனம் பஸ்ஸுல உக்காந்து அதையே நெனச்சுக்கினு போவணும்ங்க. ஒரு மணி நேரம் ஆவும்."

சவுரிராயன் சிரித்துவிட்டார். வாய்விட்டு, உடம்பு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கையிலிருந்த வாட்ச்சைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார், முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டார். "மிச்சத்த எடு. நான் லைட்டு புடிக்கிறேன்."

"அப்பா!" என்றாள் கலையரசி.

"பன்னெண்டரைக்கு சாமியார் காத்துக்கினு இருப்பாரு. மணி போவுது. நீ தேயும்மா."

செய்தி முன்பக்கம் பரவி, மற்ற ஒன்பது பேரும் பின்பக்கம் வந்துவிட்டார்கள். முன்கண்ணாடி வழியாக நாலு முகம், ஜன்னலுக்கு ஜன்னல் இரண்டு முகம். ஒர்க்ஷாப் ஆட்களும் ஸ்பானரைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். எல்லார் கையிலும் மல்லாட்டை. இளவரசி ஒவ்வொரு முறை துடைத்துவிட்டுக் கையை எடுக்கும்போதும், சவுரிராயன் டார்ச்சை அடித்து, "போச்சு!" என்று அறிவிப்பார். வெளியே "போச்சாம்! போச்சாம்!" என்று பின்வரிசைக்குச் சொல்வார்கள். கடைசி ஓவரில் ரன் அடித்த மாதிரி கூச்சல். சவுரிராயன் மனைவி பூமாலை மட்டும் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு, "யாரும் கத்தாதீங்க, அந்தப் பொண்ணு கை ஆடிடும்" என்று அதட்டிக்கொண்டே இருந்தாள். ஆனால் மூன்றாவது தடவை அவளும் சேர்ந்து கத்தினாள்.

பத்து நாற்பது. பாக்ஸை வைத்து மூடுகிற பேச்சையே ஜெகதீசன் மறந்துவிட்டிருந்தார். அவரும் ஜன்னலில் ஒரு முகமாக நின்றார்.

கடைசியில் திரைக்குக் கீழே ஒரு கோடு. மற்றதெல்லாம் போன பிறகுதான் அது தெரிந்தது. அரை விரல் நீளம். இளவரசி இரண்டு தடவை தேய்த்தாள். போகவில்லை. நகத்தால் இழுத்துப் பார்த்தாள். டக்கென்று தட்டியது. அவள் ஸ்பாஞ்சைக் கீழே வைத்துவிட்டாள்.

"இது போவாதுங்க. இது ஆழம். இன்னும் தேய்ச்சா சுத்தி இருக்கற மினுக்கு போயி வெள்ளையா மங்கிடும். என்னால இவ்ளோதான் முடியும்."

சவுரிராயன் அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"சார், இந்தப் பட்டைய புதுசா மாத்திக் குடுப்பீங்களா?"

"நிச்சயமாங்க. ஆர்டர் போட்டுடறேன்."

"வாயால வேணாம். எழுதிக் குடுங்க. தேதி போட்டு, சீல் வச்சு."

முப்பத்தோரு வருஷமாக "சரிங்க மொதலாளி" என்று மட்டும் சொன்ன வாயிலிருந்து அது வந்ததைக் கேட்டுக் கலையரசி அப்பாவை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவள் கோபமெல்லாம் எங்கோ போயிருந்தது. ஜெகதீசன் எழுதிக் கொடுத்தார். சவுரிராயன் அதை நிதானமாகப் படித்து, மடித்து, பையில் வைத்தார்.

டேப்பை உரித்தார்கள். இளவரசி கடைசியாக ஒரு முறை ஓரங்களை ஒற்றியெடுத்தாள். வண்டியை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கேக் வெட்டியாகிவிட்டது, போட்டோ எடுத்தாகிவிட்டது, சாவி கைக்கு வந்துவிட்டது. சரியாகப் பதினோரு மணி.

வண்டி கிளம்பும் நேரம். சவுரிராயன் சாவியோடு வந்தார். வந்தவர் நேராக இடது பக்கம் போய், பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, முதுகை லேசாகக் குனிந்து நின்றார். பூமாலை ஏறுவதற்காக. அவர் என்ன செய்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. கை தன் பாட்டுக்குச் செய்துவிட்டது.

பூமாலை அவரைப் பார்த்தாள். அவரைத் தாண்டிப் போய் முன்கதவைத் தானே திறந்தாள், முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள், புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "வாங்க, நேரமாவுது," என்றாள்.

அவர் பின்கதவைப் பிடித்தபடியே ஒரு கணம் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு இளவரசியைப் பார்த்து, "தொறந்தது தொறந்தாச்சு. நீ ஏறும்மா. திண்டிவனந்தான? இந்தத் திரையில எத அமுக்கினா என்னா வரும்னு எனக்கு யாராச்சும் சொல்லணும். சார், இவுங்கள அனுப்பி வைங்க," என்றார்.

ஜெகதீசன் மறுக்கிற நிலையில் இல்லை.

பின்சீட்டில் கலையரசிக்குப் பக்கத்தில் இளவரசி உட்கார்ந்தாள். வண்டி பைபாஸில் ஏறி வேகம் எடுத்தபோது அவளுக்குத் திடீரென்று உறைத்தது. நாலு வருஷத்தில் எத்தனையோ நூறு வண்டிகளைத் துடைத்திருக்கிறாள். அவள் துடைத்த வண்டி ஒன்று அவளை ஏற்றிக்கொண்டு ஓடுவது இதுதான் முதல் தடவை. அவள் அதைச் சொன்னதும் கலையரசி ஜன்னலை இறக்கிவிட்டாள். காற்று உள்ளே அடித்தது. நடுவில், அந்தக் கறுப்புப் பட்டைக்குள்ளே, வானமும் மின்கம்பிகளும் தலைகீழாக ஓடிக்கொண்டிருந்தன. ஒரு கம்பிகூட உடையவில்லை. அவளுக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. அடக்க முடியாமல் கலையரசிக்குக் கேட்கும்படியே தட்டிவிட்டாள்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் தடுப்புக்கட்டை தானாகவே மேலே போனது. "பாத்தியா, நம்ம பேரச் சொல்லித் தூக்குறான்!" என்று சவுரிராயன் ஸ்டீரிங்கைத் தட்டினார். பூமாலை திரையில் எதையோ அமுக்கி, பாட்டு பெரிதாக அலறி, நாலு பேரும் பதறி, இளவரசி பின்னாலிருந்து கையை நீட்டிக் குறைத்தாள். சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆனது. பின்னால் வந்த வேனிலிருந்து ஹாரன் அடித்துக் கையை ஆட்டினார்கள்.

திண்டிவனத்துக்குள் நுழைந்தபோது கலையரசி முன்னால் குனிந்து மெதுவாகக் கேட்டாள். "அப்பா, மில்லு வழியாப் போவலாமா? மொதலாளி வாசல்லதான் உக்காந்திருப்பாரு."

சவுரிராயன் இண்டிகேட்டரைப் போட்டார். "வேணாம்மா. அந்தப் பக்கம் ரோடு சரியில்ல," என்று சொல்லிவிட்டு, சர்ச் பக்கம் திருப்பினார்.

பன்னிரண்டு இருபத்தைந்து. சாமியார் பயணப் பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். தீர்த்தம் தெளித்தார், ஜெபித்தார், ஸ்டீரிங்கின் மேல் சிலுவை வரைந்தார். கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லாருக்கும் வண்டியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். "வெளிய எங்க வேணா தொடுங்க, உள்ள நடுவுல மட்டும் தொடாதீங்க!" என்று பூமாலை போலீஸ் மாதிரி நின்றாள். அவள் அந்தக் காலை நடந்ததை ஒன்று விடாமல் சொல்லச் சொல்ல, சர்ச்சுக்கு எதிரில் இருக்கும் கார் ஸ்டாண்டிலிருந்து இரண்டு டிரைவர்கள் இளவரசியிடம் வந்தார்கள்.

"யம்மா, என் வண்டிலயும் அதே மாதிரி வல வலயா இருக்குது. வெயில் பட்டா கண்ணு கூசுது. எடுத்துடுவியா?"

இளவரசி ஒருவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, நகத்தை இழுத்தாள். "எடுத்துடலாம்ணே. ஞாயித்துக்கெழம நெழல்ல வண்டிய நிறுத்தி வைங்க. தயவு செஞ்சு அதுக்குள்ள வேட்டித் துணியால தொடைக்காதீங்க."

பதினோராம் நாள் புதுப் பட்டை வந்தது. சவுரிராயன் காகிதத்தோடு வந்து நின்று மாற்றிக்கொண்டு போனார். அதில் அவர் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடவில்லை. அதற்குள் ஜெகதீசன் பின்பக்கக் கொட்டகையில் ஒரு மூலையை ஒதுக்கி, நல்ல விளக்கு ஒன்றும் அலமாரி ஒன்றும் வைத்து, உள்பக்க மெருகு வேலை முழுக்க இளவரசி பொறுப்பு என்று சொல்லிவிட்டார். மஞ்சள் துணிகளை வாட்ச்மேன் ஒன்று விடாமல் பொறுக்கிச் சக்கரம் துடைக்கிற வாளியில் போட்டார்.

அன்றைக்குச் சவுரிராயன் வண்டி வெளியே போகும்போதே கீறல் எடுக்கக் கோலியனூரிலிருந்து வந்த ஒரு வண்டி உள்ளே நுழைந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. இளவரசி மோதிரத்தைக் கழற்றிக்கொண்டே ஓடினாள். "வெயில்ல நிறுத்தாதீங்க! உள்ள வாங்க, உள்ள வாங்க!"